பனியனில் சிரிக்கிற பொம்மை தோலைக் கடிக்குமா?

உங்கள் வீட்டுக் கொடியில் காய்கிற துணிகளை ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்களேன். படமோ எழுத்தோ இல்லாத பனியன் எத்தனை தேறும்? சின்னவனுக்குக் கார்ட்டூன் பொம்மை, பெரியவளுக்கு நெஞ்சு முழுக்க ஆங்கில வாசகம், அப்பாவுக்கு ஆபீஸில் கொடுத்த ஓட்டப் பந்தய டீ-ஷர்ட், அம்மாவின் சேலையில் கேமராவில் பிடித்தது மாதிரி தாமரைக் குளம்! காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், சுற்றுலா என்று எது வந்தாலும் குடும்பம் மொத்தமும் ஒரே படம் போட்ட பனியனில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

முன்பெல்லாம் இது நடக்காத காரியம். ஒரே ஒரு பனியனில் படம் போடவேண்டும் என்று போனால், “ஒரு பீஸுக்கெல்லாம் கட்டுப்படியாகாதுங்க, ஐம்பது நூறுன்னா சொல்லுங்க” என்று பட்டறைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். இப்போது போட்டோவைப் போனில் அனுப்பினால் போதும். மறுநாள் பனியன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. காகிதத்தில் அச்சடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பிரிண்டர் துணிக்கு வந்ததால் நடந்த மாற்றம் இது.

எல்லாம் சரி. இந்தப் படங்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நம் உடம்போடு உரசிக்கொண்டே இருக்கின்றனவே, அவை எதனால் ஆனவை? கலர் போகுமா, சுருங்குமா என்று கடைக்காரரைத் துருவித் துருவிக் கேட்கிற நாம் இதை மட்டும் கேட்பதில்லை. குழந்தையின் கழுத்தோரம் சிவந்து தடித்தால், “வெயில் காலமில்லையா, வேர்க்குருதான்” என்று பவுடரைக் கொட்டுகிறோம். மாதக்கணக்கில் பவுடர் செலவாகிறதே தவிர, தடிப்பு போவதில்லை.

துணியில் படம் போடும் முறைகளில் நம் வீட்டுக்கு அடிக்கடி வருபவை நாலைந்துதான். எது எந்த முறை என்று தெரிந்துகொண்டால், யாருக்கு எதைப் போடலாம், எதை எப்படித் துவைக்கலாம் என்பது பாதி புரிந்துவிடும். தெரிந்துகொள்ள லேபரட்டரி எதுவும் வேண்டாம். உங்கள் விரல் நுனியும் மூக்கும் போதும்.

கலருக்கு ஒரு சட்டம்

முதலில் பழைய முறை. திருப்பூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். நீள மேஜையில் பனியன்களை வரிசையாக விரித்து, சல்லடை போன்ற வலை கட்டிய மரச் சட்டத்தை மேலே வைத்து, ரப்பர் கட்டையால் கலரை இழுப்பார்கள். இதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங். படத்தில் ஆறு கலர் இருந்தால் ஆறு சட்டம் வேண்டும். ஒரு பனியனுக்குக் கட்டுப்படியாகாது என்று அவர் சொன்னதன் காரணம் இதுதான்.

இதில் பல இடங்களில் பயன்படுவது ‘பிளாஸ்டிசால்’ என்ற மை. மை என்று சொல்கிறோமே தவிர, அது பி.வி.சி. பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக் தூளை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் குழைத்துக் கலர் சேர்த்திருப்பார்கள். 160 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடு காட்டினால் இறுகி, ரப்பர் தகடு போல துணி மேல் உட்கார்ந்துகொள்ளும். தடவினால் திண்ணென்று இருக்கிறதா? பிளாஸ்டிக் வாடை வருகிறதா? இழுத்தால் விரிசல் விடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் இதுதான்.

கவலை அந்தத் திரவத்தைப் பற்றியது. பிளாஸ்டிக்கை வளையவைக்க ‘தாலேட்’ என்ற ரசாயனக் குடும்பத்தை வெகுகாலமாகச் சேர்த்துவந்தார்கள். அவற்றில் சில, உடம்புக்குள் போனால் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக் கூடியவை. இனப்பெருக்கத்துக்குக் கெடுதல் செய்பவை என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டவை. குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களிலும், அவர்களைத் தூங்கவைக்கவும் பாலூட்டவும் பயன்படும் பொருள்களிலும் குறிப்பிட்ட சில தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பாவில் விதி இருக்கிறது. அமெரிக்காவும் 2008-ல் இதே அளவில் சட்டம் கொண்டுவந்தது. தாலேட் இல்லாத பிளாஸ்டிசாலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஏற்றுமதிக்கு அடிக்கிறவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். நடைபாதைக் கடையில் மலிவாகக் குவித்து விற்கிற பனியனில் எது இருக்கிறது என்பதைப் பார்வையால் சொல்லிவிட முடியாது.

பெரியவர்கள் இதைப் போட்டுக்கொண்டு பயந்து நடுங்க வேண்டாம். கைக்குழந்தை சமாசாரம் வேறு. நெஞ்சிலே இருக்கிற பொம்மையை இழுத்து வாயில் வைத்துச் சப்புவதுதான் அதன் முழு நேர வேலை! என்னைக் கேட்டால், ஒரு வயசு வரைக்கும் தடித்த படம் போட்ட சட்டையே வேண்டாம் என்பேன். நம் பாட்டிமார்கள் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றினார்களே... பல தடவை துவைத்துத் துவைத்து, அதிலிருந்து போகவேண்டியதெல்லாம் போன துணி அது.

பிரிண்டர் துணிக்கு வந்த கதை

ஜப்பானில் கேனான் கம்பெனியில் 1977-ல் ஒரு ஆராய்ச்சியாளரின் சூடான சால்டரிங் கம்பி, மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டுவிட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. ‘இங்க்ஜெட்’ பிரிண்டருக்கு அவர்கள் சொல்கிற பிறப்புக் கதை இது. காகிதத்தில் வென்ற அந்த வித்தையைத் துணிக்குக் கொண்டுவருவது லேசாக இல்லை. காகிதம் அசையாது, துணி இழுபடும். காகிதத்தை யாரும் துவைக்கமாட்டார்கள், துணியை வாரம் இரண்டு தடவை துவைப்போம். 1990-களில்தான் துணிக்கென்றே இங்க்ஜெட் இயந்திரங்கள் கண்காட்சிகளுக்கு வந்தன. 2000-க்குப் பிறகு வேகம் பிடித்து, இன்றைக்குச் சந்துபொந்தில் இருக்கிற சின்னக் கடையிலும் ஒன்று நிற்கிறது.

இதில் ஒரு வகை, தைத்த பனியனை அப்படியே பிரிண்டருக்குள் நுழைத்து நேரடியாக அடிப்பது. டி.டி.ஜி. என்பார்கள். மை தண்ணீரில் கரைத்தது. பிளாஸ்டிசால் மாதிரி தகடு இல்லை. வெள்ளைப் பனியனில் அடித்தால் தடவும்போது படம் இருப்பதே தெரியாது. கறுப்புப் பனியன் என்றால் முதலில் வெள்ளை மை ஒரு பூச்சு, அதன் மேல் கலர். அந்த வெள்ளை, டைட்டானியம் டை ஆக்சைடு. வெயிலுக்குப் பூசுகிற கிரீம்களில் இருப்பதும் அதுதான். அதனால் தோலுக்கு அதைப் பற்றிப் பயம் வேண்டாம்.

கவனிக்கவேண்டியது வேறொன்று. மை துணிக்குள் இறங்கிப் பரவிவிடாமல் மேலேயே நிற்பதற்காக, அடிப்பதற்கு முன்னால் ஒரு உப்புக் கரைசலைப் பனியனில் தெளித்துக் காயவைப்பார்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் இது அதிகம். அது துணியிலேயே தங்கி, பனியனோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். புதுப் பனியனை மூக்கருகே கொண்டுபோனால் வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடிக்கும். படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு கறை கூடத் தெரியலாம். “என்னடா, பழைய துணியைக் கொடுத்துட்டானா?” என்று சிலர் சண்டைக்கே போய்விடுவார்கள்! அது அழுக்கு இல்லை. ஒரு தடவை அலசினால் போய்விடும். அலசாமல் அப்படியே போட்டு, வேர்வையும் சேர்ந்துகொண்டால் மென்மையான தோலுக்கு அரிப்பும் சிவப்பும் வரலாம்.

இன்னொரு வகை, 2020-க்குப் பிறகு ஊரெல்லாம் பரவியிருக்கிற டி.டி.எஃப். படத்தை முதலில் கண்ணாடி மாதிரியான பிலிமில் அடித்து, ஈர மையின் மேல் பசைப் பொடியைத் தூவி, சூட்டில் உருக்கி, பிறகு பனியன் மேல் வைத்து 150 டிகிரி வாக்கில் அழுத்தி, பிலிமை உரித்துவிடுகிறார்கள். அவசரத்துக்கு ஒரு பீஸ் வேண்டுமென்றால் இன்றைக்கு உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். படத்தின் ஓரத்தை நகத்தால் நெருடினால் ஸ்டிக்கர் ஒட்டினாற்போல் ஒரு வரம்பு தட்டுப்படும்.

இந்தப் பசை பாலியுரேத்தேன் வகை. இறுகியபிறகு தோலுக்குப் பெரிய தொந்தரவு செய்வதில்லை. ஆனால் காற்றும் வேர்வையும் அதன் வழியே போகாது. கைக்குட்டை அகலத்துக்கு நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று என்று ஒட்டிவிட்டால், மே மாதத்துச் சென்னை வெயிலில் அதைப் போட்ட குழந்தையின் கதி என்ன? அந்தச் சதுரத்துக்குக் கீழே வேர்வை தேங்கி, நிஜமாகவே வேர்க்குரு வந்துவிடும். படம் சின்னதாக இருக்கட்டும், அல்லது நடுவில் இடைவெளி விட்ட படமாக இருக்கட்டும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கும் மை மிச்சம்தானே!

தடவினால் எதுவுமே தட்டுப்படாத படமும் உண்டு. கிரிக்கெட், கபடி ஜெர்ஸிகளைப் பாருங்கள். காகிதத்தில் அடித்த சாயத்தை 200 டிகிரி சூட்டில் ஆவியாக்கி, பாலியஸ்டர் இழைக்குள்ளேயே ஏற்றிவிடுகிறார்கள். பெயர் சப்ளிமேஷன். பின்பக்கம் திருப்பினால் வெள்ளையாக இருக்கும். உரியாது, விரிசல் விடாது. இது பாலியஸ்டரில்தான் பிடிக்கும். பருத்தியில் நிற்காது.

அக்குளில் எந்த இடம்?

பாலியஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழைகளுக்குப் போடுகிற சாயங்களுக்கு ‘டிஸ்பர்ஸ்’ சாயம் என்று பெயர். துணியால் வருகிற அலர்ஜிகளில் தோல் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது இந்தக் குடும்பத்தைத்தான். அதிலும் டிஸ்பர்ஸ் நீலம் 106, 124 என்ற இரண்டு பேர்போன போக்கிரிகள். கருநீலம், கறுப்பு, அடர் பழுப்பு என்று ஆழ்ந்த நிறங்களில் ஒளிந்திருக்கும். சாயம் இழைக்குள் நன்றாக ஏறியிருந்தால் பிரச்னை குறைவு. சரியாக ஏறாத மலிவுத் துணி, இறுக்கமான உடுப்பு, வேர்வை, உரசல் நாலும் சேர்ந்தால் சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தோலுக்கு வரும்.

அலர்ஜி என்பது புதுத்துணி போட்ட முதல் நாளே வந்துவிடுவதில்லை. உடம்பு அதை முதலில் ‘எதிரி’ என்று பழகிக்கொள்ள நாளாகும். அதன் பிறகு எப்போது போட்டாலும் ஒன்றிரண்டு நாளில் தடிப்பு. அதனால்தான், “ஆறு மாசமா போடுற பனியன்தானே, அதனால எப்படி வரும்?” என்று நாம் ஏமாந்துபோகிறோம்.

டாக்டர்கள் இடத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடுவார்கள். அக்குளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே குழிவான இடத்தில் சிவந்திருந்தால் பூசுகிற வாசனை திரவியத்தின் மேல் சந்தேகம். குழியை விட்டுவிட்டு அதன் ஓரங்களில், துணி உரசுகிற விளிம்பில் மட்டும் சிவந்திருந்தால் துணியின் மேல் சந்தேகம். கழுத்தோரம், முழங்கை மடிப்பு, தொடையின் உள்பக்கம், முழங்காலுக்குப் பின்புறம் இவையும் அப்படித்தான். எந்தத் துணியும் படாத முகமும் உள்ளங்கையும் தப்பித்திருக்கும்.

இந்த மாதிரித் தடிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்குகிற ‘எல்லாத்துக்கும் கேக்குற’ களிம்பு இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய மறுநாளே அரிப்பு அடங்கும். நிறுத்தினால் திரும்ப வரும். திரும்பப் பூசுவோம். தோல் மெலிந்துபோகும். உண்மையில் அது படர்தாமரையாக இருந்துவிட்டால், ஸ்டீராய்டு பூசப்பூச உருமாறிப் பெருகும். டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் குழப்பும். இந்தத் தொல்லை அளவு மீறிப்போனதால்தான் 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

சந்தேகமான துணியை இரண்டு மூன்று வாரம் அடியோடு நிறுத்திவைத்து, வெளுத்த நிறப் பருத்தித் துணி மட்டும் தளர்வாகப் போட்டுப் பாருங்கள். தடிப்பு தானே அடங்கினால் விடை கிடைத்துவிட்டது. கொப்புளம், நீர் வடிதல், காய்ச்சல் இருந்தாலோ, கைக்குழந்தையாக இருந்தாலோ காத்திருக்காமல் தோல் டாக்டரிடம் போய்விடுங்கள். தேவைப்பட்டால் ‘பேட்ச் டெஸ்ட்’ செய்வார். சந்தேகப்படுகிற பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார். இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார். வலி கிடையாது. அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது என்பதுதான் கஷ்டம்! போகும்போது அந்தப் பனியனையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

சேலைக்கு வந்த டிஜிட்டல்

சேலைக் கடையில் “டிஜிட்டல் பிரிண்ட்ம்மா, பாருங்க” என்று விரித்துப் போடுகிறார்களே, அது நீளத் துணியை அப்படியே பிரிண்டரில் ஓட்டுகிற முறை. சூரத்தில் இதற்குப் பெரிய ஆலைகளே இருக்கின்றன. பருத்திக்கு ‘ரியாக்டிவ்’ சாயம். அடித்தபிறகு நீராவியில் வேகவைத்து, ஒட்டாமல் மிஞ்சிய சாயம் போகிறவரை பல தண்ணீர் அலச வேண்டும். அந்தக் கடைசி அலசலில் கஞ்சத்தனம் செய்தால், மிச்சச் சாயம் உங்கள் ஜாக்கெட்டிலும் இடுப்பிலும் இறங்கும். வாங்குமுன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சேலையின் உள்மடிப்பில் பத்து தடவை தேயுங்கள். கைக்குட்டையில் கலர் ஏறினால் யோசியுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் கெட்டிப்படும் என்று சொல்வார்கள். ஒட்டாத சாயத்தை உப்பால் ஒட்டவைக்க முடியாது. போகிறவரை அலசுவதுதான் வழி.

‘அசோ’ சாயங்களில் சில, உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களைத் தரக்கூடியவை. 1994-ல் ஜெர்மனி அவற்றைத் தடை செய்தபோது திருப்பூரும் கரூரும் ஆடிப்போயின. இந்தியாவிலும் 1990-களிலேயே தடை வந்தது. ஒவ்வொரு டிஜிட்டல் மையும் ஒவ்வொரு துணியும் சோதிக்கப்பட்டதா என்பது தயாரிப்பாளரின் நாணயத்தைப் பொறுத்தது. ‘ஓயகோ-டெக்ஸ் 100’ என்ற முத்திரைச் சீட்டு துணியில் தொங்கினால், கெடுதலான ரசாயனங்களுக்குச் சோதித்தது என்று அர்த்தம். அதில் முதல் வகுப்பு, 3 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. குழந்தைத் துணி வாங்கும்போது அதைத் தேடிப்பாருங்கள்.

வீட்டிலேயே பிரிண்டர் வாங்கியிருக்கிறீர்களா?

வேலையை விட்ட பெண்கள், ஓய்வு பெற்றவர்கள் பலர் வீட்டிலேயே ஒரு பிரிண்டரும் சூட்டு அழுத்தியும் வாங்கிப்போட்டு பனியன், தலையணை உறை, கப் என்று அடித்துக்கொடுக்கிறார்கள். நல்ல வருமானம்தான். ஆனால் அந்த இயந்திரம் எங்கே இருக்கிறது? பல வீடுகளில் படுக்கையறை மூலையில்! ஏ.சி. ஓடுவதால் ஜன்னலும் சாத்தியிருக்கும். பசைப் பொடி உருகும்போது எழுகிற புகையும், தூவும்போது பறக்கிற தூளும் அதே அறையில் தூங்குகிற குழந்தையின் மூச்சில் போகும்.

ஸ்பெயினில் 1992-ல் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அல்கோய் என்ற ஊரைச் சுற்றியிருந்த துணி அச்சுப் பட்டறைகளில் கலரைக் காற்றுத் துப்பாக்கியால் துணி மேல் தெளித்துவந்தார்கள். தொழிலாளிகளுக்கு இருமல், மூச்சுத் திணறல். நுரையீரல் கெட்டு 6 பேர் இறந்துபோனார்கள். பட்டறையின் பெயரால் ‘ஆர்டிஸ்டில்’ நோய் என்றே மருத்துவப் புத்தகங்களில் ஏறிவிட்டது. ஆராய்ந்தால், அந்தக் கலர்ப் பொருள் வயிற்றுக்குள் போனால் பெரிய விஷமில்லை. பனி மாதிரித் துகளாகி நுரையீரலுக்குள் போனபோதுதான் எமனாகியிருக்கிறது. இன்றைய பிரிண்டர் மை அதே பொருள் அல்ல. ஆனால், ‘தோலுக்கு ஆகாதது இல்லை’ என்று டப்பாவில் போட்டிருப்பதால் மூச்சுக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே பிரிண்டரைத் தனி அறைக்கோ, மூடிய பால்கனிக்கோ மாற்றுங்கள். காற்றை வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். பொடி தூவும்போதும், டி.டி.ஜி. கரைசலைத் தெளிக்கும்போதும் என்-95 முகமூடி போடுங்கள். அது தூளைத்தான் தடுக்கும், புகையைத் தடுக்காது. புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்தான் கதி. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்தத் தொழிலை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வதே மேல். மிஞ்சிய மையைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். சாயத் தண்ணீரால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்கள் நாம்.

முதல் தண்ணீர்

தீபாவளிக்குப் புதுசை மஞ்சள் தடவி அப்படியே உடுத்துவதுதான் நம் பழக்கம். “புதுசை நனைச்சா அது புதுசா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு வாரம் முன்னாலேயே அலசிக் காயவைத்து மடித்துவிடுங்கள். மஞ்சள் அன்றைக்குத் தடவிக்கொள்ளலாம். கசங்காமல் இருக்கத் துணிக்குப் போடுகிற பூச்சுகளில் பார்மால்டிஹைடு இருப்பதுண்டு. ஜப்பானில் கைக்குழந்தைத் துணிகளில் இதற்கு 1970-களிலிருந்தே கடுமையான கட்டுப்பாடு. முதல் அலசலில் அதுவும் நன்றாகக் குறையும்.

டி.டி.எஃப். ஒட்டிய பனியனை மட்டும் அடித்து ஒரு நாள் ஆனபிறகு நனையுங்கள். எந்தப் படமானாலும் பனியனின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், கொஞ்சமாக சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். சோப்பு தங்கினாலும் அரிக்கும் என்பதால் இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். படத்தின் மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். பின்பக்கமாகத்தான் தேய்க்க வேண்டும். குழந்தைக்குப் படம் போட்ட பனியனைத்தான் போட்டாக வேண்டும் என்று அடம் பிடித்தால், உள்ளே மெல்லிய வெள்ளைக் கை இல்லாத பனியன் ஒன்று போட்டு, அதன் மேல் மாட்டிவிடுங்கள்.